நாற்பத்திரண்டாம் எண்

டாம்போர்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே
எங்கள் அலுவலகக் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
"முதலில் மனிதர், பிறகே வேலை."
தெருவோரப் பக்கம் 'மனிதர்' வெளிறிவிட்டது.
கெண்ட் நகரில் வெயிலே கிடையாது என்பார்கள்.
பொய். ஒரு சொல்லை அழிக்கும் அளவுக்கு உண்டு.

நான் சேர்ந்தபோது
வேலை தேடி வருகிறவர்களுக்கு நாற்காலி இருந்தது.
ஈரக் கோட்டை மாட்ட ஆணி இருந்தது.
கோடலீவின் மேசைக்கடியில்
ஒரு பெட்டி நிறையக் காலணிகள்,
முப்பத்தெட்டு முதல் நாற்பத்தாறு வரை,
கறுப்பு, மெருகிட்டவை.
பிய்ந்த காலணியோடு யாரும்
நேர்காணலுக்குப் போகக் கூடாது என்பது
அவள் எங்கும் எழுதி வைக்காத விதி.
எப்போது பார்த்தாள் என்றே தெரியாது.
பேச்சுவாக்கில் குனிவாள்;
நிமிரும்போது சரியான எண் கையில் இருக்கும்.

நிறுவனம் ஒரு வியாழக்கிழமை கைமாறியது.
கேக் வந்தது, மேலே புதிய சின்னத்தோடு.
எனக்குக் கிடைத்த துண்டில் அரை எழுத்து.
அடுத்த வாரம் ஒரு பித்தளை மணி வந்தது.
ஒருவருக்கு வேலை அமைந்தால் அடிக்க வேண்டும்.
முதலில் சிரித்துக்கொண்டே அடித்தோம்.
பிறகு அடித்தவர் பெயர் பலகையில் ஏறியது.
அடிக்காதவர் பெயரும் ஏறியது, சிவப்பில்.

ஸ்டோயானை இறைச்சிக்கூடத்து இரவுப் பணிக்கு அனுப்பிவிட்டு
வானஸ் மணியடித்தான்.
மூன்றாம் நாள் அவர் விலக,
அதே இடத்துக்கு வேறொருவர், மறுபடி மணி.
ஒரே வேலைக்கு ஒரே மாதத்தில் நான்கு முறை.
பின்தெருத் தேவாலயத்தில்கூட
அவ்வளவு அடிப்பதில்லை.

நானும் அடித்தேன். பதினேழு முறை.
அந்தப் பணத்தில்தான் சமையலறைக்கு ஓடு பதித்தேன்.

ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம் என்றானது.
ஆறாவது நிமிடத்தில் அழத் தொடங்குகிறவரை என்ன செய்வது?
பயிற்சிக் காணொளியில் அது இல்லை.
'ஆட்கள்' என்று சொல்வதை விட்டு
'எண்ணிக்கை' என்று சொல்லப் பழகினோம்.
நின்றால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று
பாவோ நாற்காலிகளை எடுத்தார்.
அதுகூடப் புரிகிறது.
ஆணியை ஏன் பிடுங்கினார் என்று
இன்றுவரை புரியவில்லை.

மார்ச்சில் பாவோ கூப்பிட்டார்.
"ஒரு விளம்பரம் எழுது. நமக்கேதான்."
எழுதினேன்:
துடிப்பானவர் தேவை. இலக்குகளை நேசிப்பவர்.
குடும்பம் போன்ற சூழல்.
ஜன்னலோர இருக்கை; துருக்கி மொழி தெரிந்தால் நல்லது.
அந்தக் கடைசி வரியில்தான் கை நின்றது.
ஜன்னலோரம் நிமிர்ந்து பார்த்தேன்.
வேலையில்லாதிருந்த இரண்டு வருடத்தை
எப்படிச் சொல்வதென்று
ஹிக்மத் என்பவருக்குக் கோடலீவ் விளக்கிக்கொண்டிருந்தாள்.
"மறைக்க வேண்டாம். மனைவிக்கு உடம்பு முடியவில்லை,
கூட இருந்தேன் என்றே சொல்லுங்கள்."
ஆறு நிமிடம் எப்போதோ கடந்திருந்தது.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.
எழுத்துப்பிழை பார்த்து அனுப்பிவைத்தேன்.

அவள் போன மறுநாள்
பெட்டி குப்பைப் பக்கம் கிடந்தது.
அட்டை தனி, தோல் தனி.
வானஸ்தான் பிரித்துக்கொண்டிருந்தான்,
என் பக்கம் திரும்பாமல்.

மூன்று வாரம் கழித்து ஹிக்மத் வந்தார்.
கோட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தார்.
செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஜோடி, புதிதாய் மெருகிட்டு.
முதல் சம்பளத்தில் சொந்தமாக வாங்கிவிட்டாராம்.
"அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்,
அடுத்தவருக்கு ஆகும்."
சரி என்றேன்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு
ஆல்ஸ்ட் நகரில் ஒரு நேர்காணலுக்குப் போனேன்.
ஏன் விலகுகிறீர்கள் என்றார்கள்.
'புதிய சவால்களைத் தேடி' என்று
நான் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பதில்
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
என் அளவும் நாற்பத்திரண்டுதான்.
ஆனாலும் இடது கால் கடித்தது.