மிச்ச எடை

வாளையார் தாண்டுமுன் கடைசி எடைமேடை இது.
கல், சிமெண்ட், கறிக்கோழி, வைக்கோல்,
ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தின் மொத்த நாற்காலிகளும்.
வண்டி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.

ஆனி மாதக் கணவாய்க் காற்று
கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.
அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்கும்
மேஜைமேல் போன் அதிர்வது.
எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

நான்கு வருஷம் அது நிஜமாகவே அதிர்ந்தது.
வீட்டுக்காரர் யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து.
முதலில் உள்ளங்கை வேர்த்தது,
ஓடுவதற்குத் தயாராய்க் கெண்டைக்கால் இறுகியது.
எங்கே ஓட?
மேடையில் தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று
தன் எண்ணுக்காகக் காத்திருந்தது.

பிறகு வேர்ப்பது நின்றது.
பழகிவிட்டது என்று நினைத்தேன்.
உள்ளே இறங்கியிருக்கிறது.

பகல் தூக்கம் பதினொன்றரைக்கு அறுந்துவிடும்.
மாதவிலக்கு தவறியது, பிறகு மாதம் இருமுறை வந்தது.
குளியலறைச் சல்லடையில் கைப்பிடி முடி.
பாலக்காட்டு டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு
"சுகர் எல்லையில நிக்குது" என்றார்.
நானும் அங்கேதான் நிற்கிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

"பல்லைக் கடிச்சுட்டு இரு, எல்லாம் போயிரும்,"
என்றிருந்தாள் நாத்தனார் மயிலாத்தாள்.
கடித்தேன்.
கஞ்சிக்கோட்டில் பல் பார்ப்பவர் கண்ணாடியில் காட்டினார்.
கடைவாய் இரண்டும் தேய்ந்து சப்பட்டை.
"உறக்கத்துல யாரைக் கடிக்கிறீங்க?"

கடன் அடைந்து ரெண்டு ஆடி ஆகிறது.
பாக்கி இல்லை என்ற கடிதம் அரிசி டப்பாவுக்குள்.

சித்திரையில் ஒருநாள் மேடைக்கும் வந்தது அது.
வண்டி இறங்கிப் போன பிறகும்
எண் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.
நாற்பது கிலோ. ஆளில்லாத இரும்பின்மேல்.
ஒழலப்பதியிலிருந்து சைனுதீன் வந்தான்.
பொத்தானை அமுக்கினால் பூஜ்யம் காட்டுமே என்றேன்.
"காட்டும், அக்கா. உள்ளே நாற்பது அப்படியே இருக்கும்."
குழிக்குள் இறங்கி, தகட்டிடுக்கில் சிக்கிய
ஜல்லிகளை ஒவ்வொன்றாய் எடுத்து வெளியே போட்டான்.
நாற்பது பதினைந்தாயிற்று.
"மிச்சம், வருஷக்கணக்கா பாரம் நின்ன அசதி.
இரும்புக்கும் உண்டு. கழிச்சு எழுதிக்குங்க."

மறுநாள் விடியலில்
வண்டியில்லாத ஒரு இடைவேளையில்
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய் எழுபது.
இதில் என்னுடையது எவ்வளவு, அதனுடையது எவ்வளவு?

வைக்கோல் வண்டி ஹாரன் அடித்தது.
தோள் காதோரம் ஏறியிருப்பதை
அப்போதுதான் கவனித்தேன்.
இறக்கினேன்.
கொஞ்சம் இறங்கியது.