ஆறாம் தடம்

டாக்டர் பர்வீன் சங்கிலி எதையும் ஆட்டவில்லை.
பழையபேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு மேலே
ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல்,
கீழே யாரோ ஓயாமல் மாற்றிப் பார்க்கும் ரிங்டோன்கள்.
"கண்ணை மூடணும்னு இல்ல.
அதுவா மூடிக்கிட்டா மூடிக்கட்டும்" என்றார்.

வசியமா என்று கேட்டிருந்தார் என் கணவர்.
வசியம் என்றால் என் புத்தி இன்னொரு கைக்குப் போவது.
அது போய் நான்கு மாதம் ஆகிறது,
யார் கையில் என்று தெரிந்துகொள்ளத்தான்
இந்த ஐந்நூறு ரூபாய் என்றேன்.

சுங்கச்சாவடியில் எனக்கு ஏழு வருஷம்.
ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிப் பெட்டி.
பெங்களூரிலிருந்து இறங்கும் எல்லாமே
என் முகத்தைப் பார்த்தபடிதான் வரும்:
கிரானைட் லாரி, தக்காளி வேன்,
ஃபாஸ்டேக்கில் காசில்லாத கார்,
'வட்டச் செயலாளர் என் மச்சான்' என்கிற கார்.
எதற்கும் பயந்ததில்லை.

அன்று எனக்கு எழுதியிருந்தது ஆறாம் தடம்.
அங்கே மின்விசிறி ஓடாது.
மாத்திக்கலாமா என்று நாகவேணியிடம் கேட்டேன்.
"சரிக்கா" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.
இரவு இரண்டு நாற்பதுக்கு
பிரேக் பிடிக்காத ஒரு டேங்கர்
எந்தத் தடத்தில் நுழைந்தது என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.
அவளுக்கு உயிர் இருக்கிறது. இடுப்பில் கம்பி இருக்கிறது.
என் அழைப்பை எடுப்பதில்லை.

அதற்கப்புறம்
ஹெட்லைட் வெளிச்சம் படுக்கையறைச் சுவரில் ஊர்ந்தால் போதும்,
நெஞ்சுக்குள் யாரோ நோட்டுக் கட்டை எண்ணத் தொடங்குவான்,
வேகமாக, தப்பாக, மறுபடி முதலிலிருந்து.
இசிஜி எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார்கள்.
ஒன்றுமில்லாததற்கு மாத்திரையும் கொடுத்தார்கள்.

"பத்துல இருந்து கீழே எண்ணுங்க."
பத்து. ஒன்பது. எட்டு. ஏழு.
நின்றுவிட்டேன்.
இத்தனை நாளும் எனக்கு ஏழுக்கு அடுத்தது ஐந்து.
இந்தக் கிளினிக் படிக்கட்டில்கூட ஒரு படியைத் தாண்டித்தான் ஏறினேன்.
வீட்டு மொழிக்கு ஓடிப் பார்த்தேன்:
பதி, தொம்மிதி, எனிமிதி, ஏடு.
தெலுங்கிலும் அடுத்தது அதேதான்.
இரண்டு மொழியிலும் ஒரே டேங்கர்.

அவர் அவசரப்படுத்தவில்லை.
கீழே ஒரு ரிங்டோன் பாதியில் அறுந்தது.
அப்புறம் மிக மெதுவாக
"ஆறு" என்றார்.

எண்ணைச் சொன்னாரா,
சுடுபாலிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னாரா,
இன்றுவரை கேட்கவில்லை.

"வலது கை லேசாகுது. நீங்க தூக்க வேண்டாம்."
நான் தூக்கவில்லை.
மணிக்கட்டு முதலில் எழுந்தது, பின்னால் முழங்கை,
எங்கள் தடுப்புக்கட்டை எழுவதுபோலவே
நடுவில் ஒருமுறை திக்கி.
இருட்டில் எதுவோ இரண்டு விளக்கோடு நின்றுகொண்டிருந்தது.
பணம் கேட்கவில்லை. ரசீது கிழிக்கவில்லை.
அது என்னை உரசாமல் கடந்து
சேலம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது,
ரொம்ப நீளமான வண்டி.

கண் திறந்தபோது கன்னம் ஈரம்.
கை மடியில் கிடந்தது, யாருடையதோ போல.
"அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்றார்.
இறங்கும்போது அந்தப் படியை மிதித்தேனா என்று
தெருவுக்கு வந்தபிறகுதான் நினைத்தேன்.
ஞாபகமில்லை.

இப்போது ஆறில்தான் உட்காருகிறேன், கேட்டு வாங்கி.
எண்ணுகிறவன் இன்னும் வருகிறான்.
தப்பாக எண்ணுகிறான்.
திருத்தப் போவதில்லை.
விசிறியை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்,
மாற்றவில்லை.
நேற்று அதைப் படமெடுத்து நாகவேணிக்கு அனுப்பினேன்,
ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.
நீல டிக் விழுந்தது.
பதில் இல்லை.
நீல டிக் விழுந்தது.