கூட்டக் குறிப்பு, எபேன்

திங்கள் காலை ஒன்பது மணி, பதினோராம் மாடி.
பேசுவதையெல்லாம் எழுதி வைப்பது என் வேலை.
சம்பளம் அதற்குத்தான்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
சம்பளமில்லாத கணக்கொன்றும் வைத்திருக்கிறேன்:
எக்கோசிஸ்டம், ஒன்பது கோடு.
டிஸ்ரப்ட், நான்கு.
ஆத்தென்டிக், பன்னிரண்டு.
அதில் ஏழு, மீசைக்கு மை பூசும் ழான்-மார்க் சொன்னவை.

நாங்கள் விற்பது
கைபேசியில் காசு அனுப்பும் செயலி.
காய் வாங்குகிறவர் அனுப்புவார்,
விற்கிறவருக்கு வந்து சேரும்.
விஷயம் இவ்வளவுதான்.
இவ்வளவாய்ச் சொன்னால்
முதலீட்டுக்காரர் கடிகாரம் பார்க்கிறார்.

போன மாதம் கேத்ர் போர்ன் சந்தைக்கு அனுப்பினார்கள்.
சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள்,
கிரியோலில் மாற்றி எழுதியது நான்தான்.
"இது ஒரு கூட்டுப் பயணம்,
தடையற்ற அனுபவம்" என்று படித்தேன்.
மீன்கடை வீராப்பென்
கப்டேன் மீனொன்றைப் புரட்டிப் போட்டார்.
"காசு வருமா, வராதா?"
வரும்.
"அதை முதலிலேயே சொல்வதற்கென்ன!"

திரும்பும் மெட்ரோவில்
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது.
அசைச்சொல் என்று ஒரு வகை.
பொருள் கிடையாது; எடுத்துவிட்டால்
வரி நொண்டும்.
மாதோ, அரோ, மன்ற என்று
பரீட்சைக்கு உருப்போட்டேன்.
ரோஸ் ஹில்லில் யாரும் யாரிடமும்
அரோ என்று சொன்னதில்லை.

பிப்ரவரி வந்தால் வேறு கணக்கு.
வானொலியில் எண் மட்டும் வரும்.
மூன்று என்றால் வீட்டில் இரு.
நான்கு என்றால் கதவைத் திறக்காதே.
அந்த எண்ணை
அழகாக்கிச் சொல்ல யாரும் முயன்றதில்லை.
ஜன்னலுக்கு வெளியே மோக்கா மலைமேல்
நிஜ மேகம் கறுத்துக்கொண்டிருக்க,
உள்ளே கிளவுட், கிளவுட் என்கிறார்கள்.
அதற்கு ஆறு கோடு.

இன்று விதூஷியின் முறை.
புது விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.
"ஸாரி, இந்த வாரம்
எனக்கு பேண்ட்விட்த் இல்லை."

பேனாவைத் தூக்கிவிட்டேன் கோடு போட.

அவள் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது
காந்தோஸ் ஆஸ்பத்திரியின் மஞ்சள் அட்டை.
மூன்று நாளாய் மதியச் சாப்பாடு கொண்டுவரவில்லை.
கணவருக்கு என்ன என்று
எல்லோருக்கும் பாதி தெரியும்.
மீதியைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.
தமிழில், கிரியோலில், பிரெஞ்சில்
அவளால் அங்கே சொல்ல முடியாத ஒன்றை
அந்தக் கேவலமான சொல்
இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து
மேசைமேல் இறக்கி வைத்தது,
உடையாமல்.

ழான்-மார்க் தொண்டையைச் செருமினார்.
"சரி, ஆஃப்லைனில் பேசிக்கொள்வோம்."

ஆஃப்லைன் என்றால்
பத்தாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும் நடுவே
சிகரெட் வாடை அடிக்கும் படிக்கட்டு.
தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனவள்
கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன்:
தன் கார் சாவியை அவள் கையில் வைத்து
விரல்களை மூடிக்கொண்டிருந்தார்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

குறிப்பில் எழுதினேன்:
விதூஷி, பேண்ட்விட்த் இல்லை. ஆஃப்லைன்.
எழுத்துக்கு எழுத்து அப்படியே.
கடைசிப் பக்கத்தில்
அந்த இரண்டுக்கும் கோடு போடவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து வந்தார்,
மூக்கை உறிஞ்சியபடி,
மை கலைந்து நரை தெரிந்த மீசையோடு.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு,
"எங்கே விட்டோம்?
ஆங், எக்கோசிஸ்டம்" என்றார்.

பத்து.