மாதிரி எண் எட்டு

வற்றம் காலை ஏழு இருபதுக்கு.
ஐந்தரைக்கே பேருந்து கிளம்பிவிட்டது.
பதினான்கு பேர், பதின்மூன்று ஜோடி பூட்ஸ்.
மதிவதனி மட்டும் வெள்ளைக் கேன்வாஸ் காலணியில்.
சுத்தியல் கூடாது என்று
அனுமதிக் கடிதத்தில் தடித்த எழுத்து.
சுத்தியல் இல்லாத நிலவியல் பயணம்
நாக்கில்லாதவன் விருந்துக்குப் போவதுபோல
என்று சொல்லிப் பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை. இன்னும் விடியவில்லை.

செந்தோசாவின் மேற்கு முனை.
எதிரே கப்பல்கள் விளக்கை அணைக்காமல் நிற்கின்றன.
படுத்துக் கிடந்திருக்க வேண்டிய மணற்கல் அடுக்குகள்
அலமாரிப் புத்தகங்கள்போல் நிமிர்ந்து நிற்கின்றன.
சாய்கோணம் எழுபது என்றாள் சூ யிங்.
அறுபத்தாறு என்றான் இன்னொருவன்.
இரண்டையும் எழுதச் சொன்னேன்.
பாறைக்கு ஆட்சேபம் இல்லை.

ஃபௌஸான் தனியே போய் அதைக் கண்டுபிடித்தான்.
முழங்கால் உயரம், மேலெல்லாம் பாசி,
கல்லும் சிப்பியும் கூடி இறுகிய ஒன்று.
கைவில்லையைக் கண்ணில் ஒட்டிக் குனிந்தவன்
கால்மணி நேரம் நிமிரவில்லை.
குறிப்பேட்டில்:
*உருள்திரள் பாறை. துணுக்குகள் கூர்மையானவை.
வயது தெரியவில்லை.*

நான் மறுபக்கம் போய்ப் பார்த்தேன்.
துருப்பிடித்த கம்பி ஒன்று
அதன் விலாவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.
கான்கிரீட், என்றேன்.
ஏதோ பழைய படகுத்துறையின் துண்டு.
வகுப்பு அப்போதுதான் விழித்தது, சிரித்தது.

"துணுக்கு இருக்கு, நடுவில் பிணைப்பு இருக்கு,
கடலும் தேய்ச்சிருக்கு.
வேற என்ன வேணும் ப்ரொஃப்?"
நான் ப்ரொஃப் இல்லை,
ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம்.
திருத்துவதை விட்டு வெகுநாளாயிற்று.
அலை ஏறத் தொடங்கியிருந்தது.
பதில் சொல்ல நேரமில்லாதது வசதியாகவும் இருந்தது.

அங்கே பாறையில் ஒரு பொடிகூட எடுக்க முடியாது.
குப்பையை எடுக்கலாம்.
உடைந்து கிடந்த கையளவுத் துண்டைச்
சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டான்.

அன்றிரவே திருத்தினேன்.
பத்துக்கு நான்கு. சிவப்பில்.
கூர்மையென்றால் அது *உருள்*திரள் ஆகாது
என்று ஓரத்தில் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

பட்டறையில் திரு ஆங் அதை அறுத்தார்,
கண்ணாடியில் ஒட்டினார், தேய்த்தார்,
மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குக்கு
மெலியும்வரை தேய்த்தார்.
"சிமெண்டுக்கா இத்தனை பாடு?"
தேய்த்துக்கொண்டேதான் கேட்டார்.

புதன்கிழமை, நான்காம் மாடி ஆய்வுக்கூடம்.
நுண்ணோக்கியில் இரண்டாம் தகட்டைக் குறுக்கே தள்ளினேன்.
சிமெண்ட் இருண்டது.
இருட்டுக்குள் குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாய்.
மேடையைச் சுழற்றினால்
மொத்தமாய் அணையாமல்
நிழல் ஓடுவதுபோல் அலையலையாய் அணைந்தது.
என்றோ நசுங்கியதை அது மறக்கவில்லை.
பக்கத்தில் கோடு கோடாய் ஃபெல்ஸ்பார்,
சாலைக் கடப்புபோல.
ஓரத்தில் ஒரு கிள்ளு பயோடைட்.

எங்கேயோ பார்த்த முகம்.

இழுப்பறையைத் திறந்து
உபின் தீவுக் கருங்கல் சில்லை எடுத்தேன்,
பக்கத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.
இதைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன்.
அதே கோடு, அதே அலை.
ஒரே ஊர்க்காரர்கள்போல இருக்கிறது,
நிச்சயம் என்று சொல்லமாட்டேன்.

வெடிவைத்துப் பெயர்த்து, நொறுக்கி,
தோணியில் ஏற்றி, மணலோடு குழைத்து,
நிற்கவைத்து, உடைந்து, கடலில் விழுந்து...
ஆறு செய்ய வேண்டிய வேலையை யார் யாரோ செய்திருக்கிறார்கள்.
கல்லுக்கு இருபத்துநான்கு கோடி ஆண்டு.
சிமெண்டுக்கு ஐம்பது இருக்கலாம்.
மேலே ஒட்டிய சிப்பி போன வருஷத்தது.

*வயது தெரியவில்லை.*
அந்தப் பக்கத்தில் முழுச் சரியான வரி அதுதான்.

நான்கை அடித்து ஏழாக்கினேன்.
உருள் விஷயத்தில் இறங்கிவரவில்லை.

மாதிரி அட்டையை அவனையே நிரப்பச் சொன்னேன்.
எண்: எட்டு.
எடுத்த இடம்: செந்தோசா.
உருவான இடம் என்ற கட்டத்தில்
மூன்று பெயர் எழுதி மூன்றையும் அடித்திருந்தான்.
அப்படியே இழுப்பறைக்குள் வைத்தேன்,
ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே.

அடுத்த வாரம் உபின்.
மதிவதனியிடம் கால் அளவு கேட்க வேண்டும்.