துள்ளாதேங்கோ

உவர்மலை ஏற்றத்தில் ஓர் அறை.
யன்னலுக்குக் கீழே உட்துறைமுகம்
தகரம் விரித்ததுபோல் கிடக்கிறது.
என் வலது காலைத் தன் தோளில் வைத்தபடி
நஸ்லியா சொல்கிறாள்:
"துள்ளாதேங்கோ. துள்ளினால் அது பயப்படும்."

எது?

பத்து வருசம்
மக்கெய்சர் மைதானத்துப் புல்லில்
துள்ளித் துள்ளித்தான் நீட்டினோம்.
குனி, எழும்பு, குனி, எழும்பு,
ஜூட் அன்ரனின் விசிலுக்கு
பெருவிரலைத் தொட்டுவிட்டு ஓடிவரும் கை.
பிறகு அந்தப் பெனால்டி.
இடப்பக்கம் பாய்ந்தேன்.
தொடையின் பின்னால்
நனைந்த சீலை கிழிவதுபோல ஏதோ.
பந்து உள்ளே போனதை
மண்ணில் முகம் வைத்துத்தான் கேட்டேன்.

நஸ்லியா ரப்பர்ச் சுத்தியலால்
முழங்காலுக்குக் கீழே தட்டினாள்.
கால் உதைத்தது.
நான் உதைக்கவில்லை.
"பார்த்தீங்களா, உங்களைக் கேக்கவே இல்லை."
முள்ளந்தண்டுவரை போன செய்தி
அங்கேயே பதில் வாங்கித் திரும்பிவிட்டதாம்.
தலைமைக் கந்தோருக்கு
ஒரு பிரதி மட்டும், பிந்தி.

தசைக்குள் கதிர் இருக்கிறது என்றாள்.
நெல்லுக்கதிரா, வெயிற்கதிரா?
இரண்டுமில்லை, நூல் நூற்கிற கதிர்.
நடுவில் பருத்து, முனைகளில் மெலிந்து,
நரம்பு சுற்றிக்கொண்ட நுண்ணிய கதிர்.
எவ்வளவு நீண்டாய், எவ்வளவு வேகமாய் நீண்டாய்
என்பதே அதன் கணக்கு.
வேகமாய் இழுத்தால் கிழியப்போகிறது என நினைத்து
தசையைச் சுருங்கச் சொல்லும்.
அப்படியானால் பத்து வருசமாய்
சுருங்கு சுருங்கு என்று
நாங்கள்தான் கத்தியிருக்கிறோம்,
நீட்டுவதாய் நினைத்துக்கொண்டு.

எலும்போடு சேருமிடத்தில் நாண்.
வில்லுக்கும் அதுதான் பெயர், வெட்கத்துக்கும்.
அங்கே இன்னொரு காவற்காரன்.
நீளம் அவனுக்கு வேண்டாம், பாரம்தான் வேண்டும்.
"இப்ப என்ர தோளைத் தள்ளுங்கோ."
தள்ளினேன், அவள் ஆறு எண்ணும்வரை.
"விடுங்கோ. மூச்சையும்."
விட்டேன்.
கால் இரண்டு விரல் உயரம் கூட ஏறியது,
யாரோ உள்ளிருந்து கொளுக்கி கழற்றியதுபோல.

பாரம் பார்ப்பவன்தான் தசையை விடச்சொன்னான்
என்று படித்தாளாம்.
இப்போது வேறு சொல்கிறார்களாம்:
தசை பெரிதாய் நீளவில்லை,
இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று
மூளை பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
"அப்ப எது சரி?"
"ரெண்டு விரல் ஏறியிருக்கு" என்றாள்.

பிறகு கண்ணை மூடச் சொல்லி
பெருவிரலை மெல்ல அசைத்தாள்.
மேலா, கீழா?
கீழ்.
இப்ப?
மேல்.
பார்க்கவில்லை, மணக்கவில்லை, கேட்கவில்லை.
ஐம்புலன் என்று மனப்பாடம் செய்யவைத்தவர்கள்
இதை எதில் சேர்த்தார்கள்?
கரண்ட் போன இரவுகளில்
நுளம்பு கடித்த முழங்கையை
நேரே போய்ச் சொறியும் கை
எந்தப் புலனின் பிள்ளை?

ஆறாம் கிழமை, விடியற்காலை.
ஓட்டோவில் விமலலோஜினி அக்கா,
இரண்டு பெட்டி சூடை மீன்.
கோட்டை வாசலுக்கு முன்னால்
தார் றோட்டின் இளஞ்சூட்டில் படுத்திருந்த மான்
எழும்பி நின்றது.
முன்னங்கால்களை முன்னே வைத்து
முதுகைத் தாழ்த்தியது.
பிறகு ஒரு பின்னங்கால்,
கடைசியில் குளம்புவரை ஓடிய சிறு நடுக்கம்.
பிறகு மற்றது.
விசில் இல்லை, எண்ணிக்கை இல்லை,
துள்ளல் இல்லை.
"ஹோனை அடி தம்பி, மீன் பழுதாப்போகும்."

அடிக்கவில்லை.
என் வலது கால் பிரேக்கில் இருந்தது.
எவ்வளவு ஆழத்தில் என்று
நான் குனிந்து பார்க்கவில்லை,
அதற்குத் தெரிந்திருந்தது.
மான் கடந்தது.
கால் தானாய் மெல்ல எழும்பியது.

பிந்தி வந்த பிரதியை
நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.