இரண்டு இரவுகள் அதிகம்

கடல் மலைக்குள் நாக்கை நீட்டிய இடம்.
இந்தக் கரையில் ஒரு மருத்துவமனை,
அந்தக் கரையில் ஒன்று.
நடுவே படகில் இருபது நிமிடம்.
ஒரு காப்பி குடிக்கலாம்.

இரு கரைக்கும் ஒரே உப்புக்காற்று,
ஒரே நெத்திலி, ஒரே பள்ளிக்கூடத்து ஜலதோஷம்.
ஆனால் காதில் குழாய் வைத்த பிள்ளைகள்
ஆயிரத்துக்கு இங்கே ஒன்பது,
அங்கே முப்பத்தொன்று.

நான் மருத்துவர் இல்லை, எண்ணுகிறவள்.
நகல் இயந்திரத்துக்கும்
யாரும் தண்ணீர் ஊற்றாத செடிக்கும் இடையில் என் மேசை.
நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
திரையில் புள்ளிகள் மட்டும் வெளிச்சம்.

கூட்டத்தில் ஹால்வார் ஸ்தெம்மே சொன்னார்:
'என் நோயாளிகள் வேறு மாதிரி.'
அவர் நல்ல மருத்துவர்.
போன மாதம் தெற்கே போனேன்,
அங்கேயும் ஒரு நல்ல மருத்துவர்
இதே வார்த்தையை, இதே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சொன்னார்.
எல்லாருடைய நோயாளிகளும் வேறு மாதிரி.
எல்லாருடைய கையும் அதேபடி.

கடைசி வரிசையிலிருந்து தாதி குன்வோர்
பின்னிக்கொண்டே பேசினாள்:
'அந்தக் கரையில் புதிதாக இரண்டு அறுவை அறை கட்டினார்கள்.
விரித்த பாய் காலியாகவா கிடக்கும்?'
யாரோ இருமினார்கள்.
குறிப்பேட்டில் அது ஏறவில்லை.

நான் சொல்லாத ஒன்று உண்டு.
அந்த முப்பத்தொன்றில் ஒரு புள்ளி என் மகன்.
சீவெர்ட்டுக்கு அப்போது நான்கு வயது.
மயக்க மருந்து ஏற, கை என் விரலை விட்ட விதம்
இன்னும் விரலில் இருக்கிறது.
இன்று எனக்கு முன்பே படகின் ஊதல் அவனுக்குக் கேட்கிறது.
குழாய் இல்லாமலும் கேட்டிருக்குமோ?
ஒரே காதை இரண்டு கரையிலும் வளர்த்துப் பார்க்க முடியாது.

டிசம்பரில் படுக்கை நாட்களுக்கு வந்தேன்.
நிமோனியா: இங்கே சராசரி ஐந்து இரவு.
பதினோராம் படுக்கை, ஆன்ஸ்கார் லில்லவீக், எண்பத்தொன்று:
ஏழு.
கட்டம் சிவந்தது.

காரணம் கேட்கும் பெட்டியில்
யாரோ பயிற்சி மருத்துவர், அவசரக் கையெழுத்து:
'வீட்டில் விறகு இல்லை.
நகராட்சி ஆள் வியாழக்கிழமைதான்.'

பெட்டி ஏற்றுக்கொள்வது இரண்டே பதில்:
மருத்துவக் காரணம் உண்டு, இல்லை.
'உண்டு' என்ற சொல்லின் மேல்
அம்புக்குறியை வைத்தபடி வெகுநேரம் இருந்தேன்.
அழுத்தினால் அது இரக்கம்.

அந்த இரண்டு இரவும்
இடுப்பு முறிந்த ஒருத்தி நடைபாதையில் கிடந்தாள்.
அவசரக் கதவு திறக்கும்போதெல்லாம்
பனிக்காற்று போர்வைக்குள் போயிருக்கும்.
பெயர் எல்ட்ரிட்.
அவளும் என் பட்டியலில்தான், வேறு பக்கத்தில்,
வேறு சிவப்பில்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளப்பது தெரியும் எனக்கு.
ஆற்றில் எது, கையில் எது என்பதுதான்
சில நாள் பிடிபடுவதில்லை.

சிவப்பைச் சிவப்பாகவே விட்டேன்.
'இல்லை' என்பதை அழுத்தினேன்.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு
நின்றபடியே நகராட்சிக்குத் தொலைபேசினேன்,
முன்பின் தெரியாத கிழவருக்கு
விறகு கேட்டு.

ஒரு பெண்குரல், பதிவு செய்தது, கனிவாகச் சொன்னது:
வரிசையில் உங்கள் எண் பதினேழு.