நாலாம் நம்பர்

மூன்று மெஷின்கள் வரிசையில் நிற்கின்றன.
நாலாவது திரைக்கு அப்பால்,
நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரோடு.
கிருஷ்ணகிரிக் கோட்டை மலை தெரிகிற ஒரே ஜன்னலும்
அதன் பங்குக்குத்தான் விழுந்திருக்கிறது.

திம்மராயன் இடது கையை நீட்டுகிறார்.
புடைத்த நரம்பின்மேல் விரல் வைத்தால்
உள்ளே தேன்கூடு இரைகிறது.
பதினாறாம் நம்பர் ஊசி, இரண்டு.
முதல் ஊசிக்குக் கண்ணை மூடிக்கொள்வார்.
இரண்டாவதற்கு, என்ன காரணமோ,
என்னையே பார்ப்பார்.

பர்கூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலை,
சல்லடைப் பிரிவில் பதினெட்டு சீசன்.
மேலே பெங்களூரா கொட்டும்;
நாரும் தோலும் ஒரு வாய்க்கு,
கூழ் ஒரு வாய்க்கு.
இப்போது அவருக்கு ஒரு கீற்றுகூட ஆகாது,
பொட்டாசியம்.
"மோந்து பாத்தா ஏறாதில்ல?" என்றார் ஒருநாள்.
டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்கவில்லை.

பம்பு சுற்றத் தொடங்கியதும்
ஃபில்டரைக் காட்டி விளக்கினேன்:
முழ நீள உருளைக்குள்
மயிரைவிட மெலிந்த பல்லாயிரம் குழாய்கள்.
உள்ளே ரத்தம், வெளியே தண்ணீர்.
யூரியா கடந்து போகும், உப்பு கடந்து போகும்.
உங்கள் ஈரலில் குடியிருக்கிறதே, அது போகாது.
ஓட்டையைவிட அது பெரிசு.

"எங்க ஆலைக்கு நேர் எதிரு," என்றார்.
"அங்க தங்குறது குப்பை, போறது சரக்கு.
இங்க போறது குப்பை, தங்குறது நானு.
அப்ப அதுவும் நானா?"

ரத்தம் நிமிடத்துக்கு இருநூற்றைம்பது மில்லி
போய்க்கொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது.

அன்றிரவு டூட்டி அறையில், கொசுவோடு,
படித்தேன்: வெளிநாட்டில் ஒரு ஃபில்டர் சோதிக்கிறார்கள்.
வைரஸே நுழைந்துவிடும் அளவுக்கு ஓட்டைகள்,
அதற்கப்பால் ஏதோ பூங்கிழங்கில் எடுத்த புரதம்
பசைபோலப் பூசிக் காத்திருக்கும்.
வைரஸ் சர்க்கரை பூசிய சட்டை போட்டிருக்கிறதாம்.
புரதத்தின் பிடி அந்தச் சட்டைமேல்தான்.
மற்றதெல்லாம் திரும்பி உடம்புக்கே போகும்.
மொச்சைக் கொட்டையிலும் அப்படியொரு புரதம் உண்டு என்று
கீழே சின்ன எழுத்தில் இருந்தது.
ஓசூர்ச் சந்தையில் படிக்குப் படி அளந்து போடும் மொச்சை!
நாங்கள் அதைக் குழம்பு என்று மட்டுமே நினைத்திருந்தோம்.

காலையில் அவரிடம் சொன்னபோது சிரித்தார்.
"மொச்சை எனக்கு ஆகாதுன்னு
நீங்கதானே சீட்டு எழுதிக் குடுத்தீங்க?"

அந்த ஃபில்டர் எங்கள் ஊருக்கு வரவில்லை.
வந்தது மாத்திரை.
நாளுக்கு ஒன்று, பன்னிரண்டு வாரம்.
முடிந்தபின் சும்மா காத்திருக்க இன்னொரு பன்னிரண்டு.

இதற்குள் கெம்பம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.
அவர் மனைவி. திரையின் விளிம்பில் நின்று
மற்ற பெண்களிடம் சொல்லிக்கொள்வாள்:
எங்க வீட்டுக்காரருக்குத் தனி மெஷின்,
தனி ஜன்னல். ஸ்டிக்கர் ஒட்டி
வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு வச்சிருக்காங்க.
அந்தக் கடைசி வரி உண்மைதான்.
நான் வாய் திறக்கவில்லை.
அவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ரிப்போர்ட் ஒரு வியாழக்கிழமை வந்தது.
இல்லை. கண்டறியப்படவில்லை.
கையெழுத்துகள் வாங்கி, அடுத்த முறைக்கு
இரண்டாம் நம்பரில் படுக்கையை விரித்தேன்.
வரிசையின் நடுவில், இருபுறமும் மனிதர்கள்,
எதிரே சுண்ணாம்புச் சுவர்.

கெம்பம்மா என்னைத் தேடி வந்துவிட்டாள்.
"என்னம்மா தப்பு பண்ணாரு எங்காளு?
காசு கேட்டா சொல்லுங்க, பொரட்டித் தர்றோம்.
இப்படிக் கூட்டத்துல கொண்டாந்து போடலாமா?"

அவர் பேசவில்லை.
பேசினால் எல்லாவற்றையும் பேசவேண்டும்.
நரம்பைத் தொட்டேன், தேன்கூடு இரைந்தது.
முதல் ஊசி.
இரண்டாவதற்கும் அன்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாலாம் நம்பருக்கு இப்போது
வேப்பனஹள்ளியிலிருந்து ஒரு பையன் வருகிறான்.
வந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொல்வான்.